பதினான்கு கரண்டித் தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

முதல் நெருப்பு ஏற்றியபோது அறையில் இருந்தவர்கள்: உன் அண்ணன், மேசை முன் முக்காலியில். நீ, அவர் வலது தோளுக்குப் பின்னால். எதிர்க்கடைத் தையல்காரர், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி ஜன்னல் ஓரம். நான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கதவு நிலையில். ஆக நான்கு பேர். பூனையைச் சேர்க்கவில்லை, நீ சுவிட்சைப் போட்டதுமே அது கிளம்பிவிட்டது. நீ சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாய், யார் யார் இருந்தோம் என்பது உனக்கு நினைவிருக்காது. அதனால்தான் அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேண்டாம் என்று சொன்னேன், கேட்டிருக்க மாட்டாய். இருமல் எப்படி? நாங்கள் இருவரும் சௌக்கியம்.

தம்பி, இத்தனை வயதில் நான் பார்த்த அதிசயங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. ரொட்டி டப்பா அளவில் நீ செய்து கொண்டுவந்த ஒரு பெட்டி, உள்ளே எஃகுத் தகடுகள், காஸ்டிக் சோடாக் காரம் கலந்த தண்ணீர். கரண்ட் பாய்ந்ததும் தண்ணீர் இரண்டு வாயுவாகப் பிரிகிறது என்றாய். அது டியூப் வழியாகப் போய், காவல் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் குமிழ் விட்டு, ஊசிமுனையில் வந்து எரிகிறது. தையல் ஊசி நீளத்துக்கு ஒரு சுடர். அதில் எஃகுக் கம்பி சர்க்கரைப் பாகு மாதிரி வளைந்தது. அதன் பிறகு நீ ஒரு குளிர்ந்த கரண்டியைச் சுடருக்கு மேலே காட்டினாயே, அதில் வியர்வை பூத்ததே, அங்கேதான் வெளியே இருந்த என் காலும் உள்ளே வந்துவிட்டது. நெருப்பு மறுபடி தண்ணீராகித் திரும்பி வந்துவிட்டது. படைத்தவன் இதைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நாம் எப்போது பார்ப்போம் என்று காத்திருந்திருக்கிறான்.

தையல்காரர் இன்றைக்கும் அதையே சொல்லிச் சிரிக்கிறார். "ஊரெல்லாம் தண்ணி ஊத்தி நெருப்பை அணைக்குது. உங்க கொழுந்தன் தண்ணி ஊத்தி நெருப்பை ஏத்துறார்." உன் அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் நேற்று மட்டும் ஒன்பது கண்ணாடி ஃபிரேம் பற்றவைத்தார். பழைய கேஸ் டார்ச்சில் ஐந்து தாண்டாது.

தண்ணீர்க் கணக்கு எழுதுவது என் பொறுப்பு என்றாய். நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன்: பேட்டரித் தண்ணீர் பாட்டிலில் குறைந்தது, பெட்டியில் விட்டது. போனில் பேசினால் மூன்று நிமிடத்தில் "சரி அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதமாகவே எழுது.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஜன்னல் சீட்டில்தான் வந்தேன். இருமல் போய்விட்டது, அதற்கும் ஜன்னலுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததை வைத்து வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

விதிகளை வாயால் சொன்னது போதாது. நீங்கள் எழுதி ஒட்டுவீர்கள் என்று தெரியும், ஒட்டுங்கள். வேலை தொடங்கும் முன் ஜன்னலின் மேல் கதவைத் திறக்கணும், இந்த வாயு லேசு, கூரைக்குத்தான் போகும். காவல் பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் சுவிட்சையே தொடக்கூடாது. ஊசியில் நெருப்பு எப்போதாவது திரும்பி டியூபுக்குள் ஓடும். ஓடினால் அந்தத் தண்ணீர்தான் அதைப் பிடித்து நிறுத்தும். அது பாட்டிலில்லை அண்ணி, வாசல் காவலாளி. மூட்டுகளுக்கு வெளியே வாரம் ஒரு தடவை சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவு. அணைக்கும்போது முதலில் ஊசியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி அணைக்கணும், பிறகுதான் கரண்ட். மாற்றிச் செய்தால் வாயு குறையக் குறைய நெருப்பு பின்னால் போகும். காரத்தைத் தொடுவதாக இருந்தால் கையுறை. நைலான் சட்டை வேண்டாம். பெட்டியில் பேட்டரித் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

காவல் பாட்டில் ஏன் கண்ணாடியில் இல்லை என்று அண்ணன் கேட்டார். வெடித்தால் சில்லு பறக்கும். மூடியையும் நான் திருகு வைக்காமல் அழுத்து மூடியாகத்தான் போட்டிருக்கிறேன். உள்ளே ஏதாவது ஆனால் மூடி பறந்துவிடும், மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு சந்தோஷம். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் எனக்கென்று தனி மேசை கொடுத்துவிட்டார். இதே மாதிரி இன்னும் மூன்று செய்து வெளியே மூன்று பட்டறைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் போட்ட வரைபடத்துக்கு ஆணி முடுக்கினவனுக்கு, தன் பேரில் ஒரு மேசை.

அண்ணனிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

மேசை கிடைத்த செய்தியை உன் அண்ணனிடம் வாசித்தேன். "ம்" என்றார். அப்புறம் தையல்காரர் வந்ததும் அவரிடம் கால் மணி நேரம் அதையே பேசினார். உன் அண்ணன் உன் முகத்துக்கு நேரே புகழமாட்டார், முதுகுக்குப் பின்னால்தான் மாலை போடுவார். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது.

விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

போன திங்கள் ஒன்று நடந்தது. நண்பகல், ஜன்னல் வழியாக வெயில் மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது. உன் அண்ணன் ஊசியைத் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு ஃபிரேமின் கீல் தேடினார். நான் அவருக்கு ஒரு சீட்டைக் கொடுக்கக் கை நீட்டினேன். சீட்டு தானாகப் பற்றிக்கொண்டது. சுடர் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, வெயிலில் அது கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சின்னச் சீறல் மட்டும். கையில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க நான் உட்காரவில்லை. தெரிகிற நெருப்புக்கு விலகி நிற்கலாம். தெரியாத நெருப்பின் முன் எப்படி நிற்பது? கும்பிட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அவர் தினமும் அதற்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறார். நீ சொன்ன காவல் எல்லாம் இருக்கிறது. என் பங்குக்கு நானும் ஒரு காவல் ஏற்பாடு செய்யப்போகிறேன். அது எனக்கும் சாமிக்கும் நடுவில், உனக்கு எழுத வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மார்ச் 23

தம்பிக்கு,

முதலில் இதைப் படி: உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். கண் நன்றாக இருக்கிறது. இனி மற்றது.

நேற்றுக் காலை பதினொன்றேகால். நான் சமையலறையில் இருந்தேன். கதவை யாரோ ஓங்கிச் சாத்தின மாதிரி ஒரு சத்தம், ஆனால் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது. ஓடினேன். காவல் பாட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் மூடி கூரையில் அடித்து, சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்திருந்தது. மேசை, சுவர், அவர் சட்டை எங்கும் வெள்ளை வெள்ளையாக நுரை. அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இடது புருவம் இல்லை.

பெட்டி உள்ளே முழுசாகத்தான் இருந்தது. கரண்டை அணைத்தேன். சட்டையைக் கத்தரித்து எறிந்தேன். காரம் பட்ட கையைக் குழாயடியில் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் பிடித்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, கையில் லேசான புண், காது இரண்டு நாள் இரையும், வேறொன்றும் இல்லை என்றார். ஒரு விரற்கடை, தம்பி. ஒரு விரற்கடை தள்ளிக் காப்பாற்றியிருக்கிறான்.

உன் அண்ணன் இரவு பேசினார். "உன் கொழுந்தனுக்கு எழுது. மேசை மேல வைக்கிற சாமான் இல்ல அதுன்னு எழுது. சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு அவசரம். பாதி யோசிப்பான், மீதியை என் தலையில சோதிப்பான்." அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கோபத்தில் சொன்னது. ஆனால் சொன்னது.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். அண்ணன் எடுத்து, குரல் கேட்டதும் வைத்துவிட்டார். கை ஆறிவிட்டதா? காது இரைச்சல்?

காவல் பாட்டிலைத் தாண்டி நெருப்பு போகாது. போயிருக்கிறது. அதை நினைத்தால் தூக்கம் இல்லை. நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். அன்று பாட்டிலில் தண்ணீர் கோட்டில் இருந்ததா? ஊசி எந்த எண்? அடைப்பு இருந்ததா? சோப்பு தடவிப் பார்த்தபோது நுரை உள்ளே ஏதாவது போனதா? அந்த வெள்ளை நுரை அதற்கு முன்பும் வந்ததா? தண்ணீர்க் கணக்கை அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள்.

இதே பெட்டி மூன்று பேர் மேசையில் இருக்கிறது. மூன்று பேருக்கும் முகம் இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

கை ஆறிவிட்டது. காது இரைச்சல் நின்றுவிட்டது. புருவம் இன்னும் முளைக்கவில்லை, அவரைப் பார்த்தால் எப்போதும் ஏதோ கேட்க வந்தவர் மாதிரி இருக்கிறார். நீ தூங்கு. தூங்காமல் யோசித்தால் புத்தி வேலை செய்யாது.

தண்ணீர் கோட்டில் இருந்தது, அன்று காலை நானே பார்த்தேன். ஊசி நீ போட்டுக்கொடுத்த அதே ஊசி. அடைப்பு இல்லை. சோப்பு வெளியேதான் தடவினேன், துணியால் துடைத்தும் விட்டேன். நுரை கடைசி நான்கைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. உன் அண்ணன் அதை வழக்கமான குமிழ் என்று நினைத்துவிட்டார்.

கணக்கு நகல் இதோடு இருக்கிறது. மார்ச் 8 முதல் 21 வரை, பதினான்கு நாள். பெட்டியில் விட்டது, நாளைக்கு நாற்பது மில்லியாக, ஐந்நூற்று அறுபது. பேட்டரித் தண்ணீர் பாட்டிலில் குறைந்தது நானூற்றுத் தொண்ணூறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

கணக்கு கிடைத்தது. உங்கள் கையெழுத்தில் எண்களைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடுகிறது. முழங்கால் எப்படி?

ஒரு சின்னச் சந்தேகம். பாட்டிலிலிருந்து எடுத்ததைவிட எழுபது மில்லி அதிகமாகப் பெட்டிக்குள் போயிருக்கிறது. தண்ணீர் தானாகப் பெருகாது. எங்கேயாவது கூட்டலில் தவறா?

மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மூன்று பெட்டிகளையும் திரும்ப வாங்கிவிட்டோம். அவர் கத்தவில்லை. "காரணம் தெரியிற வரைக்கும் இது உன் மேசை இல்ல" என்றார். நியாயம்தானே. மாத முடிவு வரை ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கலாம், அதன் பிறகு பேக்கிங் பிரிவு.

அண்ணன் ஒரு வார்த்தை பேசினாரா?

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

என் கூட்டலில் தவறில்லை. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் நோட்டில் கூட்டல் தப்பியது கிடையாது.

முழங்கால் பரவாயில்லை. இங்கே வெயில் அதிகம். உன் அண்ணன் பழைய டார்ச்சுக்கே போய்விட்டார். பல் செட் செய்கிறவர் ஒருவர் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். புதுப் பாட்டில் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார் உன் அண்ணன். பல் செட்காரர் அடுத்த மாதம் வந்து பார்ப்பாராம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

ஜூன் 11

அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. நலம்தான். உங்கள் இருவர் நலமும் விரும்புகிறேன்.

கடைசி நாள் சோதனையில் ஒன்று கண்டேன். ஒரு சொட்டு எண்ணெயைக் காரத்தண்ணீரில் விட்டு ஒரு நாள் வைத்தேன். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகிவிடும், சோப்பு செய்கிறவர்கள் செய்வதே அதுதான். கரண்ட் போட்டதும் நுரை எழும்பி, டியூபில் ஏறி, காவல் பாட்டிலை நிரப்பிவிட்டது. நுரைக்குள் இருப்பது தண்ணீர் இல்லை அண்ணி, முழுக்க வாயு. காவலாளி நின்ற இடத்தில் நெருப்புக்குப் பஞ்சு மெத்தை விரித்த மாதிரி. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பற்றவைத்தேன். நம் வீட்டில் நடந்தது அப்படியே நடந்தது. மூடி பறந்தது.

ஆனால் நம் வீட்டில் எண்ணெய் எங்கிருந்து வரும்? அண்ணன் மேசையில் ஒரு சொட்டு எண்ணெய் விட விடமாட்டார். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், பேட்டரித் தண்ணீர் தவிர வேறு விட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே வேறேதோ என் கண்ணுக்குத் தெரியாத தவறு இருக்கிறது. தெரியாததை இன்னொருவர் முகத்துக்கு முன்னால் வைக்க எனக்கு உரிமையில்லை. இதோடு விட்டுவிடுகிறேன். அண்ணன் சொன்னது சரி, நான் பாதிதான் யோசிப்பேன்.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தேன், கும்பிடவில்லை. கேட்கவும் ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்தேன். இன்று பல் செட்காரர் வந்தார்.

உன் அண்ணன் பெட்டியைத் துடைத்து, புதுப் பாட்டில் மாட்டி மேசையில் வைத்திருந்தார். உள்ளே அந்தப் பழைய தண்ணீர்தான். வந்தவர் நல்ல மனுஷர், சிரித்த முகம், சட்டைப் பையில் குழந்தை போட்டோ. குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா சார்?" என்று சுவிட்சில் விரலை வைத்தார்.

"தொடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதர் கையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னாச்சு?" என்றார் உன் அண்ணன்.

"அந்த மெஷினைக் கெடுத்தது நான்."

"நீயா? நீ மிக்ஸியையே பயந்து பயந்து போடுறவ."

"தினம் ஒரு கரண்டி. நீங்க உக்காரும் முன்னாடி. சாமி முன்னால செம்புல வைக்கிற தண்ணி."

இனி உனக்கும் சொல்கிறேன். சீட்டு பற்றிக்கொண்ட அன்று நான் மிரண்டுபோனேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவர் முகத்துக்கு முன்னால் எரிகிறது. அது தண்ணீரிலிருந்து பிறக்கிறது. பிறக்கிற இடத்திலேயே ஒரு கரண்டி பிரார்த்தனை இருக்கட்டும் என்று தோன்றியது. "பேட்டரித் தண்ணீர் தவிர எதுவும் கூடாது" என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். படித்தேன். சாமி தண்ணீர் அந்த "எதுவும்" என்பதில் சேராது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். விளக்குக்கு எண்ணெய் விடுகிற கரண்டிதான் கைக்கு வந்தது. அதைக்கொண்டே மொண்டேன். ஐந்து மில்லி பிடிக்கும். பதினான்கு நாள், எழுபது மில்லி. என் கூட்டலில் தவறில்லை என்று உனக்கு எழுதினேனே, அது உண்மை. உண்மையைச் சொல்லியே பொய் சொன்னேன்.

வெடித்த அன்று எண்ணெய் விஷயம் எனக்குத் தெரியாது, அது சத்தியம். சாமி தண்ணீர் இருந்ததால்தான் கண் பிழைத்தது என்றுகூட நினைத்தேன். நீ எழுபது மில்லியைக் கேட்டபோதுதான் குறுகுறுத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சாமிக்குச் செய்தது சாமியாலேயே கெட்டது என்று ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை உன் மேல் போட்டுவிட்டு நான் இரண்டு வேளையும் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன் அந்தக் கரண்டியைக் கேட்டார். கொடுத்தேன். விரலால் வழித்து முகர்ந்தார். பல் செட்காரர், "நான் இன்னொரு நாள் வரட்டுங்களா" என்று எழுந்தார். "உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் உன் அண்ணன். பிறகு என்னிடம், "சாமி மேல தப்பில்ல. கரண்டியைக் கழுவாதது தப்பு" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் அவனை என்னென்ன சொன்னேன்" என்றார்.

கையுறை போட்டு, ஒரு குச்சியால் அந்தப் பழைய தண்ணீரைக் கிளறிப் பார்த்தோம். நுரை எழும்பி, அடங்க இருபது நிமிடம் ஆனது. கடிகாரம் பார்த்து எழுதியிருக்கிறேன். பெட்டியை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. அவர் ஒரு வரி எழுதினார், இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி இரண்டு தடவை அடித்தேன். உன் மேசைக்கு அந்த வார்த்தையால் ஒரு காலும் முளைக்காது.

அண்ணி

ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார். "எங்க அண்ணி சாமியையும் கரண்ட்டையும் ஒரே பெட்டியில போட்டுட்டாங்க" என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு மாதம் அண்ணி. என் கையை நானே நம்பாமல் இரண்டு மாதம். சாப்பிட்டுப் படுத்தேன், காலையில் பாதி போயிருந்தது. மீதியும் போய்விடும்.

அண்ணனின் வரி கிடைத்தது. "புருவம் முளைச்சிடுச்சு." அவ்வளவுதான் எழுதியிருந்தார். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "தப்பு உன் அண்ணி மேலன்னு சொல்றே. வீட்டிலேர்ந்து சாட்சியா?" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. உங்களைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. விடுங்கள். பேக்கிங்கும் வேலைதான், கை சுடாது. மேற்பார்வையாளர் முகவரியைக் கேட்டு அண்ணனை எதற்குப் போன் செய்யச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. கொடுத்திருக்கிறேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி

ஜூலை 8

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் நலம் விசாரிக்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது. நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்களிடம் பேக்கிங்கில் வேலை செய்கிறவரின் அண்ணன் மனைவி நான். அவர் செய்த நெருப்புப் பெட்டியில் வேண்டாததை விட்டவள் நானே. வீட்டுச் சாட்சி செல்லாது என்று நீங்கள் நினைப்பது நியாயம். சாட்சி தனக்குச் சாதகமாகப் பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும். நான் எனக்கு எதிராகப் பேசுகிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை, மீதியைப் பழைய செய்தித்தாளிலும் என் நோட்டிலும் கற்றுக்கொண்டேன். அந்த நோட்டின் பக்கத்தையே கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நகல் இல்லை. அதில் நாளைக்கு ஐந்து மில்லியாக அந்த எழுபது மில்லி வித்தியாசம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, ஒளிக்க நினைத்தபோதும் எண்ணை மாற்ற என் கை வரவில்லை. நுரை அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதும் அதன் பின்பக்கம் இருக்கிறது. அந்தத் தண்ணீரையே அனுப்பியிருப்பேன், காரத்தைத் தபாலில் அனுப்பக்கூடாது என்பதால் ஒரு மூடிய பிளாஸ்டிக் கேனில், சீட்டு ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுப்போம்.

ஐயா, ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். அவர் சொன்ன விதியை மீறி, விவரமில்லாத ஒருத்தி பதினான்கு நாள் அந்தப் பெட்டியைக் கெடுத்தாள். கடைசியில் நெருப்பு திரும்பி ஓடியது. அப்போதும் என் கணவரின் புருவம் மட்டும்தான் போனது. ஏன்? பாட்டில் கண்ணாடியில் இல்லை. மூடியைத் திருகு போட்டு இறுக்கவில்லை. என்னைப் போல ஒருத்தி எங்காவது இருப்பாள் என்று, என்னைத் தெரியாமலேயே, அவர் யோசித்து வைத்திருந்திருக்கிறார். அவரைப் பாதி யோசிப்பவர் என்று எங்கள் வீட்டிலேயே சொன்னோம். நான் கூரையில் அந்த மூடி பட்ட இடத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். கும்பிடுவதற்குச் சமமாகத்தான் பார்க்கிறேன். சுண்ணாம்பு பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நெருப்பின் அருகில் உட்கார்கிறவர்களுக்கு இப்படி யோசிக்கிற ஒரு கை வேண்டும். அந்தக் கை இப்போது உங்களிடம் அட்டைப்பெட்டிக்குப் பசை நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் நான். நான் உங்கள் எதிரில் வந்து நின்று சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன். என் கணவர் பஸ் நேரம் விசாரித்து வைத்திருக்கிறார், அவரும் வருவார்.

இந்தக் கடிதம் எழுதுவது என் கொழுந்தனுக்குத் தெரியாது. அவரை மறுபடி அந்த மேசையில் உட்காரச் சொல்வீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் ஒரு வரி போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர் மனைவி